24 இன்ச் பிரச்னை!

சைக்கிளை எப்படி அளப்பார்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் சக்கரத்தைக் காட்டுவார்கள். அது சின்னப் பசங்க சைக்கிளுக்கான கணக்கு. பால்காரர், தபால்காரர், வாத்தியார் எல்லாம் ஓட்டிய அந்தக் கறுப்பு சைக்கிளுக்கு அளவு ஃப்ரேமில் இருக்கிறது. பெடல் சுற்றும் இடத்திலிருந்து சீட்டுக்குக் கீழே மேலேறிப் போகிறதே ஒரு குழாய், அதன் நீளம்தான் சைக்கிளின் அளவு. சக்கரம் எல்லாருக்கும் பொதுவாக 28 இன்ச்.

ஊரில் நாம் பார்க்கிற கறுப்பு சைக்கிள்களில் பெரும்பாலானவை 22. அதற்கு மேலே ஒரு சைஸ் உண்டு: 24. சில மாடல்களில் ஒரு பாருக்குப் பதில் இரண்டு பார் இருக்கும். சராசரி உயரக்காரர் இதில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. நிறுத்த வேண்டுமானால் பிளாட்பாரமோ, மைல்கல்லோ, தெரிந்தவர் தோளோ வேண்டும்.

அப்படிப்பட்ட 24 இன்ச், டபுள் பார் சைக்கிளில்தான் நான் தினமும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். (கம்பெனி பெயர் வேண்டாமே. ஒண்ணாம் தேதி ஆனால் சம்பளம் வருகிறது!) ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் பண்ணுகிற செக்‌ஷன். ஜெர்மனிக்குப் போகும் ஷூ எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி என்று கணக்கு எழுதுகிறவனுக்கு, சொந்த சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதுதான் ஆறு மாதம் தீராத கணக்காக இருந்தது.

'பைக் வாங்க வக்கில்லையா?' என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் உயரம் 6 அடி 1 அங்குலம். இப்போது வருகிற ஸ்டைல் சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும். பார்ப்பவர்களுக்கு சர்க்கஸ் கரடி ஞாபகம் வரும். ஸ்கூட்டரில் இன்னும் மோசம். 24 இன்ச் எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இரண்டாவது காரணம், அது அப்பாவின் சைக்கிள். அவர் டேனரியில் வேலை பார்த்தவர். அவரும் உயரம். பதனிட்ட தோல் கட்டை கேரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கி, மண்டிக்குக் கொண்டு போவார். 1995-96-இல், கழிவுநீரைச் சுத்தப்படுத்த வழி செய்யாத டேனரிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, நினைவிருக்கிறதா? பாலாற்றையும் நம் கிணறுகளையும் காப்பாற்ற அது தேவைப்பட்ட உத்தரவுதான். ஆனால் உத்தரவு வந்த மாதம் எங்கள் வீட்டு அடுப்புக்கும் அது வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் இதே கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது. வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படிப்பட்ட சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடு என்றால் யாருக்கு மனசு வரும்?

மூன்றாவது காரணம் பெட்ரோல் விலை. அதை விளக்க வேண்டியதில்லை.

* * *

வீட்டிலிருந்து கம்பெனிக்கு 7 கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடுமா என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். 2021 நவம்பரில் ஓடியது; ஓடியதா, ஊரையே ஓட்டியது! தரைப்பாலங்கள் முழுகிப் போயின. மற்றபடி மணலைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் அரை மணியில் வந்து சேரலாம்.

வந்து சேர்வது சுலபம். நிறுத்துவதுதான் கஷ்டம்.

முதல் சண்டை ஒரு ஃபாரத்தில் ஆரம்பித்தது. கம்பெனியில் புதிதாக வாகன பாஸ் கொண்டுவந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்களாம். ஃபாரத்தில் கேட்டிருந்தவை: பதிவு எண், ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ் நகல், ஓட்டுநர் உரிமம்.

எச்.ஆர். மேனேஜரிடம் போனேன்.

"சார், என்னுது சைக்கிள். இதுல எதுவுமே கிடையாது."

"அப்ப அது டூவீலர் இல்லையே, தம்பி?"

"எண்ணிப் பாருங்க சார். ரெண்டு வீல் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மிதித்து ஓட்டும் சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. அதனால் ஆர்.சி.யும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. இல்லாததைக் கேட்டால் எங்கே போவது?

வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. ஊராட்சியில் காசு கட்டினால் தகரத்தில் ஒரு வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாமல் மாட்டினால் அபராதம், விளக்கு இல்லாமல் ராத்திரி போனால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார் போலீஸ்காரர். அப்பாவின் சைக்கிள் ஃபோர்க்கில் அந்த வில்லை துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. '1974-75' என்று வருஷமும், ஒரு நம்பரும். ஃபாரத்தில் பதிவு எண் என்ற இடத்தில் அந்த நம்பரை அழகாக எழுதிக் கொடுத்தேன். பாஸ் வந்துவிட்டது! கம்ப்யூட்டருக்குக் கட்டம் நிரம்பினால் போதும்.

* * *

பாஸ் வந்தால் இடம் வந்துவிடுமா? இரண்டாவது சண்டை ஆரம்பித்தது.

ஷெட்டில் மஞ்சள் கோடு போட்டு வரிசையாக ஸ்கூட்டர்களும் பைக்குகளும் நிற்கும். என் சைக்கிளின் மூக்கு கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம். ஹேண்டில்பார் பக்கத்து ஸ்கூட்டரின் கண்ணாடியை முத்தமிடுகிறதாம். சாயந்திரம் வண்டி எடுக்கிற அவசரத்தில் யாராவது அதைத் தள்ளிவிட்டால், சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி நாலு வண்டி சாயுமாம். (சாய்ந்ததில்லை. சாயக்கூடும் என்று புகார்.)

எல்லாவற்றிலும் குரல் உயர்த்தியவர் பர்ச்சேஸ் பாய். நல்ல மனுஷர். ரம்ஜானுக்கு செக்‌ஷன் முழுக்க சேமியா கொடுத்து அனுப்புகிறவர். ஆனால் அவரது புல்லட் மீது யாராவது தும்மினால்கூட அன்று மதியம் பிரியாணி இறங்காது.

"ஏம்ப்பா, இது இன்னா சைக்கிளா, பல்லவன் பஸ்ஸா? எவ்ளோ நீளம் கீது பாரு!"

"அளந்துடலாம் பாய்."

ஷூ கம்பெனியில் டேப்புக்கா பஞ்சம்? பேட்டர்ன் செக்‌ஷனிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். டீ டைம் என்பதால் கூட்டமும் கூடியது. என் சைக்கிள்: 6 அடி 3 அங்குலம். பக்கத்து ஸ்கூட்டர்: 6 அடி. பாயின் புல்லட்: 7 அடி! அகலத்தில் சைக்கிள் ஹேண்டில் 2 அடிக்குள் அடங்கியது. ஸ்கூட்டர் அதைவிட அதிகம், புல்லட்டைச் சொல்லவே வேண்டாம். எடையோ, என்னுடையது சுமார் 20 கிலோ சொச்சம். புல்லட் கிட்டத்தட்ட 200 கிலோ.

கூட்டம் சிரித்தது. பாயும் சிரித்துவிட்டார். ஆனால் எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஒரு வண்டி இடத்தை அடைக்கிறது என்று சொல்ல நாம் டேப்பால் அளப்பதில்லை, விலையால் அளக்கிறோம். ஒண்ணே முக்கால் லட்சம் ரூபாய் வண்டி 7 அடி நீட்டினால் அது கம்பீரம். கறுப்பு சைக்கிள் 6 அடி நீட்டினால் அது தொந்தரவு.

பெரிய சைக்கிள் என்றால் என்ன என்று பாய்க்கு டீக்கடையில் விளக்கினேன். 1870-களில் வெள்ளைக்காரர்கள் ஓட்டிய சைக்கிளில் முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தாம்பாளம் அளவு. அதில் 50 இன்ச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, உலகத்தையே சுற்றிவிட்டு 1886 கடைசியில் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். நடுவில் நம் தேசத்திலும் லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதித்தார். அதற்குள் 1885-இலேயே ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர், இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவாக, செயின் வைத்த சைக்கிளைக் கொண்டுவந்துவிட்டார். அந்த வம்சத்தில் வந்ததுதான் என் கறுப்பு சைக்கிள். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து தள்ளியதும் இந்த ஜாடைதான்.

"அவரு கம்பெனிக்கு எங்க வெச்சுட்டுப் போனாராம்?" என்றார் பாய். நியாயமான கேள்வி!

* * *

இதுவரைக்கும் தமாஷ். இனிமேல்தான் விஷயம்.

ஐரோப்பாவிலிருந்து பையர் தரப்பில் ஆடிட் வருகிறது என்று செய்தி வந்தது. கணக்கு ஆடிட் இல்லை. தொழிலாளர் வசதி, தீயணைப்பு, கழிப்பறை எல்லாம் பார்க்கிற ஆடிட். கம்பெனி முழுக்க சுண்ணாம்பு வாசனை. எச்.ஆர். ஒரு சர்க்குலர் ஒட்டினார்: 'மறு அறிவிப்பு வரை சைக்கிள்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டும்.'

காரணம் எழுதப்படவில்லை. வாட்ச்மேன் தாத்தாதான் சொன்னார்: "பாக்க நல்லா இல்லியாம் தம்பி."

அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். என்னைச் சேர்த்து மொத்தம் 11 சைக்கிள். கட்டிங்கில் இரண்டு பெரியவர்கள், மின்னூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பேக்கிங்கில் நாலு பையன்கள். கேன்டீன் மாஸ்டர். தோட்டக்காரர். தையல் செக்‌ஷனில் இரண்டு பெண்கள். பெரும்பாலான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். இவர்கள் ஊருக்குள் பஸ் வராது. அதில் ஒரு பெண் ஓட்டுவது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். பிளஸ் டூ முடித்து நாலு வருஷமாகியும் பளபளவென்று வைத்திருந்தாள்.

பெண்களும் சைக்கிளும் என்றால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990-களின் ஆரம்பத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜென்ட்ஸ் சைக்கிளே பரவாயில்லை என்றவர்களும் உண்டு: பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அந்த மிதியின் ருசி. எங்கள் தையல் செக்‌ஷன் பெண்ணுக்கும் அதேதான். சைக்கிள் இருந்தால் ஓவர்டைம் பார்த்துவிட்டு நேரே வீடு. இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை இருட்டில் நிற்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே என்றால் சர்வீஸ் ரோடு. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியது. நாங்கள் வெளியே வைத்த ஒன்பதாவது நாள், ரிவர்ஸ் எடுத்த ஒரு சரக்கு லாரி இரண்டு சைக்கிள் மேல் ஏறியது. ஒன்று தோட்டக்காரருடையது. இன்னொன்று அந்தப் பெண்ணுடையது. சக்கரம் அப்பளமாகிவிட்டது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தவள் அதைப் பார்த்து அழவில்லை. கீழே உட்கார்ந்து, நசுங்கிய பெல்லை மட்டும் கழற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு எப்படிண்ணா வர்றது?" என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆபீஸில் பதில் தயாராக இருந்தது: "கேட்டுக்கு வெளியே நடந்தது. கம்பெனி பொறுப்பில்லை."

* * *

'கேட்டுக்கு வெளியே' என்கிற இந்த இரண்டு வார்த்தைக்கு நம் தேசத்தில் பெரிய சரித்திரம் உண்டு. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

1971 ஜூன் 26. கேரளத்தில் ஒரு தொழிலாளி, 4.30 மணி ஷிஃப்டுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மணி 4.15. ஃபேக்டரிக்கு இன்னும் சுமார் 1 கிலோமீட்டர். ஒரு லாரி மோதி அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மோதிய லாரி எது தெரியுமா? அவர் வேலை பார்த்த அதே கம்பெனியின் லாரி! இ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கேட்டார். வழக்கு படிப்படியாக ஏறியது. 1996-இல், அதாவது 25 வருஷம் கழித்து, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்குப் போகிற வழியில் நடந்தது வேலையில் நடந்ததாகாது.

கால் மணி நேரமும் ஒரு கிலோமீட்டரும் முந்திவிட்டார், பாவம்.

இந்தக் குறையை நாடாளுமன்றம் 2010-இல் சரிசெய்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலையிலிருந்து வீடு திரும்பும்போதும் ஏற்படும் விபத்து, நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் ஏற்பட்ட விபத்தாகவே கருதப்படும். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே கருத்து இடம் பிடித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கிலும் இதை ஒட்டியே தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில், விடியற்காலை 3 மணி டியூட்டிக்குப் போகும் வழியில் 2003-இல் இறந்துபோன ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேனின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று. இதை எங்கள் வாட்ச்மேன் தாத்தாவுக்குச் சொன்னபோது, "இருபத்திரண்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு லாந்தர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஒன்று. இந்தச் சட்டமெல்லாம் எலும்பைத்தான் பார்க்கும், ரிம்மைப் பார்க்காது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தையும் புரட்டினேன். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன், 150-க்கு மேல் ஓய்வறை, 30 பெண்களுக்கு மேல் குழந்தைகள் காப்பகம் என்றெல்லாம் எழுதியவர்கள், சைக்கிள் ஸ்டாண்டுக்கு என்று ஒரு பிரிவு வைக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் சைக்கிளில்தான் வந்தார்கள். அதற்கு இடம் இருக்காது என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

மனு எழுதினேன். 11 கையெழுத்து. பன்னிரண்டாவதாக ஒரு கையெழுத்து வந்தது - பர்ச்சேஸ் பாய்! "அந்தப் பொண்ணு சைக்கிளுக்காக. உன் பஸ்ஸுக்காக இல்ல" என்றார்.

* * *

மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஆடிட் வந்துவிட்டது. வந்த அம்மையார் சைக்கிள் இருக்கிறதா, இல்லையா என்று திரும்பியும் பார்க்கவில்லை. கையில் ஒரு பட்டியலோடு நேரே மைதானத்துப் பக்கம் போனார். தீப்பிடித்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடம் என்று பச்சைப் பலகை வைத்த இடம். அங்கே வரிசையாக ஐந்து கார்கள் நின்றன. எல்லாம் மேனேஜர்கள் கார்கள்.

"தீப்பிடித்தால் 600 பேர் எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டார்.

அன்று சாயந்திரமே கார்கள் இடம் மாறின. பார்க்கிங் பிளான் முழுக்கத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போது எங்கள் மனுவும் மேஜையில் இருந்தது. அதில் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: ஒரு கார் நிற்கிற இடத்தில் தாராளமாக 10 சைக்கிள் நிறுத்தலாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள்; 2019-இல் வேலை முழுசாக முடிந்தது. நாங்கள் கேட்டது 11. ஜெனரேட்டர் ரூம் பக்கச் சுவரில் தகரக் கூரை போட்டு இடம் கொடுத்தார்கள். லாரிக்காரரிடம் பேசி இரண்டு சைக்கிளுக்கும் ரிப்பேர் செலவை வாங்கிக் கொடுத்ததும் எச்.ஆர். மேனேஜர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். மனுஷனை சர்க்குலரை வைத்து எடை போடக்கூடாது.

இப்போது ஷெட்டில் 17 சைக்கிள் நிற்கின்றன. இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆறு பேர் புதிதாக எடுத்துவர ஆரம்பித்துவிட்டார்கள். என்னுடையது மட்டும் கடைசியில், மூக்கை ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு.

ஒரே ஒரு கேஸ்தான் பாக்கி. பைக் வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் பெட்ரோல் அலவன்ஸ் உண்டு. சைக்கிளுக்கும் ஏதாவது கொடுங்கள் என்று எழுதிப் போட்டேன். 'எரிபொருள் வகை' என்ற கட்டத்தில் 'இட்லி, தினம் 6' என்று உண்மையைத்தான் எழுதினேன்.

அக்கவுன்ட்ஸிலிருந்து போன வாரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'பில் இணைக்கவும்.'

அம்மாவிடம் பில் கேட்டிருக்கிறேன்.